ட்ரோன் விடுவதா படிப்பு?

வணக்கம் அக்கா,

எஸ்.பி.எம். (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்த மகன், பல ட்ரோன்களைச் சேர்த்து இயக்கும் மென்பொருள்தான் படிப்பேன் என்று நிற்கிறான், "பொம்மை விடுறதெல்லாம் ஒரு படிப்பா?" என்று அவன் அப்பா கத்துகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அப்பா பயப்படுவது போல இல்லை. ட்ரோன் ஓட்டுவது ஒரு வேலை. உங்கள் மகன் கேட்பது வேறு.

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் பக்கம் பந்தல் போட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஐஸ் தீர்ந்துவிட்டது, மோருக்குக் கப் இல்லை. யார் போவது? கூட்டத்தில் போன் லைன் கிடைக்காது, தலைவரைக் கேட்க வழியில்லை. நாலு பேர் ஐஸுக்கு ஓடி, கப்புக்கு ஒருவரும் போகாமல் இருந்துவிடக் கூடாது.

ட்ரோன் போன்ற ஆளில்லா வண்டிகளுக்கும் இதே தலைவலிதான். வேலை ஒன்று வந்ததும் ஒவ்வொரு வண்டியும் தன் தூரத்தையும் பேட்டரியையும் சொல்லி ஏலம் கேட்கும். யாருக்குச் செலவு குறைவோ அதற்கு வேலை. ரீட் ஸ்மித் என்பவர் 1980இல் கணினிகளுக்காக எழுதிய யோசனை இது. ஏலம் எடுத்த வண்டி பாதி வழியில் பேச்சை நிறுத்திவிட்டால்தான் சிக்கல். விழுந்துவிட்டதா, சிக்னல் இல்லையா? எத்தனை விநாடி பொறுத்துவிட்டு அடுத்ததை அனுப்புவது? இதை எழுதுகிறவனுக்கு ட்ரோன் ஓட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கணக்கு தெரிய வேண்டும். கூடுதல் கணிதத்தில் அவன் என்ன எடுத்தான் என்று நீங்கள் எழுதவேயில்லை!

அதனால் 'ட்ரோன்' என்று பெயர் ஒட்டிய குறுகிய டிப்ளோமாவுக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். பல்கலைக்கழகத்துக்கு முன் எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன், அப்புறம் கணினி அறிவியல், மின்னணு, மெக்கட்ரானிக்ஸ் இவற்றில் ஒன்று. யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகம் நிபோங் திபாலில்தான் இருக்கிறது, பட்டர்வொர்த்திலிருந்து ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கிடங்கில் சாமான் தூக்கும் ரோபோக்களுக்கும் இதே அறிவுதான் வேண்டும். ட்ரோன் வேலை கிடைக்காவிட்டாலும் படிப்பு வீணாகாது.

தனியார் கல்லூரி என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: ரோபோ மென்பொருளான 'ராஸ்' (ROS) எந்தப் பதிப்பில் நடத்துகிறீர்கள்? முதல் பதிப்பில் ரோபோவின் நிரல்களை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தி வைக்க ஒரே ஒரு தலைமை நிரல் உண்டு, பந்தல் தலைவர் மாதிரி. இரண்டாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். முதல் பதிப்புக்கான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. இன்னும் அதையே நடத்துகிறார்கள் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

அதுவரை வீட்டு லேப்டாப்பே போதும். ட்ரோனை ஓட்டும் 'ஆர்டுபைலட்' என்ற மென்பொருள் இலவசம். உண்மை ட்ரோன் இல்லாமல் திரையிலேயே ஓட்டிப் பார்க்கலாம். மூன்று ட்ரோன்களைப் பறக்கவிட்டு, ஒன்றின் தொடர்பை நடுவில் வெட்டி, அதன் வேலையை மற்ற இரண்டும் எடுத்துக்கொள்ளும்படி நிரல் எழுதச் சொல்லுங்கள். முதல் வாரம் ஒன்றும் சரியாக வராது. அதற்கே அலுத்துக்கொண்டால், சரி, காசு செலவில்லாமல் தெரிந்துகொண்டோம். ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லையென்றால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு என்னை வந்து பாருங்கள்.