19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுல சாதாரண விவசாயி ஒருத்தர் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் எப்படி சேர்த்தார்? உங்களுக்குத் தெரிஞ்ச ஏதாவது ஒரு குடும்பத்தோட கதை சொல்ல முடியுமா?

எனக்குத் தெரிஞ்சது ஃபங்க் குடும்பம். நான் இருக்கறது இல்லினாய்ஸ்ல ப்ளூமிங்டன், இங்கேர்ந்து தெற்கால கொஞ்ச தூரம் கார்ல போனா ஃபங்க்ஸ் குரோவ்னு ஒரு காடு வரும், பழைய ரூட் 66 நெடுஞ்சாலை ஓரத்துல. வந்த புதுசுல மேப்பிள் சிரப், அதாவது மேப்பிள் மரத்துச் சாறைக் காய்ச்சின பாகு, வாங்கத்தான் போனேன். பாட்டில்ல சிரப்ங்கற வார்த்தைக்கு ஒய் இல்லாம ஐ போட்டிருந்தாங்க, தப்பா அச்சடிச்சுட்டாங்க போலன்னு நினைச்சு கேட்டா, சர்க்கரை எதுவும் கலக்கலைன்னு காட்டறதுக்காக இந்த குடும்பம் வேணும்னே பிடிச்சு வச்சிருக்கற ஸ்பெல்லிங்காம். அதுலேர்ந்துதான் இவங்க யாருன்னு தோண்ட ஆரம்பிச்சேன்.

ஐசக் ஃபங்க், 1797ல கென்டக்கில பொறந்தவர், பென்சில்வேனியா ஜெர்மன் வம்சம், பள்ளிக்கூடம் பக்கம் பெருசா போகலை. ஒஹாயோவுல வளர்ந்தார், மாட்டைக் கொழுக்க வச்சு விக்கற தொழிலைக் கத்துக்கிட்டதும் அங்கதான். 1824ல கூடப் பொறந்த அப்சலோமோட இங்க வந்து இறங்கினார். சுத்தி எங்க பாத்தாலும் ஆளுயர புல்லு, நடுவுல மட்டும் இந்த மரத்தோப்பு. விறகு, வேலிக்குக் கட்டை, தண்ணி எல்லாம் தோப்புலதான் கிடைக்கும்ங்கறதால அந்தக் காலத்துல வந்தவங்க எல்லாரும் தோப்பு ஓரமாத்தான் குடிசை போட்டாங்க. ஒண்ணு சொல்லணும், இது ஒண்ணும் யாருமே இல்லாத பூமி கிடையாது, கிக்கப்பூங்கற அமெரிக்கப் பழங்குடி மக்களோட ஊர் இது. 1819ல எட்வர்ட்ஸ்வில் ஒப்பந்தத்துல அமெரிக்க அரசாங்கம் அவங்ககிட்டேர்ந்து எழுதி வாங்கிடுச்சு. குடும்ப வரலாறு எழுதறவங்க 1824லேர்ந்து ஆரம்பிச்சுடறாங்க, அதுக்கு முன்னாடி இருக்கற அஞ்சு வருஷத்தை யாரும் பேசறதில்லை.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். மண்ணு நல்ல கறுப்பு மண்ணு, மக்காச்சோளம் பிச்சுக்கிட்டு விளையும், ஆனா யாருக்கு விக்கறது? ரயில் கிடையாது, ரோடு முழுக்க சேறு, வண்டில ஏத்தி சந்தைக்குக் கொண்டு போறதுக்குள்ள சோளத்தோட விலையை விட வண்டிக்கூலி ஜாஸ்தி ஆயிடும். அதனால சோளத்தை மாட்டுக்கு போட்டு, அந்த மாட்டை நடத்தியே சந்தைக்குக் கூட்டிட்டு போயிட்டாங்க. சிகாகோ கிட்டத்தட்ட 140 மைல், ஒரு நாளைக்கு பத்துப் பன்னெண்டு மைல் நடந்தாலும் ரெண்டு வாரம் ஆகும், வழில ஆறு வந்தா நீந்தித்தான் கடக்கணும். அவசரப்படுத்தி ஓட்டினா மாடு இளைச்சு போயிடும், எடைலதான் காசு, அதனால மேய விட்டு மேய விட்டு போகணும். மாடு தின்னுட்டு சிந்தினது, சாணில கலந்து வந்தது எல்லாத்தையும் பொறுக்கித் தின்ன பின்னாடியே பன்னி, அதுவும் தனியா ஒரு வருமானம். ஒரு மணி சோளம் கூட வீணாகலை பாருங்க!

வந்த காசுல என்ன பண்ணினார்னா நிலம், மறுபடியும் நிலம். கவர்மெண்ட் விலை ஏக்கருக்கு ஒண்ணேகால் டாலர். மரமில்லாத புல்வெளியை மத்தவங்க சீண்டாத காலம் அது, அந்த வேர்க்கட்டு மண்ணை உழ சரியான கலப்பை இல்லை, ஜான் டீர் எஃகு கலப்பை செஞ்சதே 1837லதான். ஆனா மாடு மேய உழவு எதுக்கு? புல்லு இருந்தா போதுமே. என்னைக் கேட்டா அவரோட மொத்த சூட்சுமமும் இதான். கடைசில 25,000 ஏக்கர், அதாவது சுமார் 100 சதுர கிலோமீட்டர்.

மனுஷன் கோபக்காரர் வேற. உள்நாட்டுப் போர் நடக்கும்போது மாநில செனட்டரா இருந்தார், 1863 பிப்ரவரில சபைல போருக்கு முட்டுக்கட்டை போட்டவங்களைப் பாத்து மேஜையைக் குத்தி, 65 வயசுல, எவன் வேணா என்கூட சண்டைக்கு வாங்கடான்னு கூப்பிட்டுட்டார், அந்தப் பேச்சு பேப்பர்ல எல்லாம் வந்து நாடு பூரா பரவிடுச்சு.

1865 ஜனவரி 29, அவர் இறந்தார். அவர் மனைவி கசாண்ட்ராவும் அதே நாள்ல, சில மணி நேரத்துல போயிட்டாங்க. அதே வருஷம் டிசம்பர்லதான் சிகாகோவுல யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் திறந்தாங்க, ரயில்ல வர்ற மாடுகளுக்கு ஒரு ஊர் அளவு சந்தை, வருஷக்கணக்கா மாட்டை நடத்தியே கொண்டு போனவருக்கு அதைப் பாக்கக் குடுத்து வைக்கலை.

மிஞ்சினது எட்டு பசங்க, ஒரு பொண்ணு. பசங்க பேரைப் பாத்தா சிரிப்பு வரும், மார்க்கிஸ் டி லஃபாயெட், ஃப்ரான்சிஸ் மேரியன், பெஞ்சமின் ஃப்ராங்க்ளின்னு அமெரிக்க சுதந்திரப் போர் பாடப்புத்தகமே வீட்டுக்குள்ள ஓடியாடி இருக்கு. பெஞ்சமின் ப்ளூமிங்டன் மேயராகி காங்கிரஸ் வரைக்கும் போனார். லஃபாயெட் அப்பா மாதிரியே மாடு, நிலம். அவர் பையன் யூஜின்தான் ரூட்டை மாத்தினது, 1901ல ஃபங்க் பிரதர்ஸ் சீட் கம்பெனி ஆரம்பிச்சு சோள விதை விக்க ஆரம்பிச்சார், பின்னாடி ஹைப்ரிட் சோளத்துல பெரிய பேரு.

அந்த லஃபாயெட் கட்டின வீடு, பக்கத்துல ஷர்லிங்கற ஊர்ல, இப்ப மியூசியம், முன்னாடியே சொல்லிட்டுத்தான் போகணும். போனா அப்படியே காட்டுக்குள்ள இருக்கற கல்லறைத் தோட்டத்தையும் பாத்துட்டு வாங்க. சிரப்புக்கு மட்டும் லேட் பண்ணாதீங்க, பனிக்காலம் முடியும்போதுதான் மரத்துலேர்ந்து சாறு இறக்குவாங்க, நாப்பது அம்பது கேலன் காய்ச்சினா ஒரு கேலன்தான் தேறும், நான் ஒரு வருஷம் ஆகஸ்ட்ல போய் வெறுங்கையோட திரும்பினேன்.