ஜீரோ வட்டி போனும் மூணு வட்டிக் கணக்கும்

கேள்வி: வணக்கம் தம்பி. எங்களுக்குக் காரைக்குடி பக்கம் பள்ளத்தூர். வீட்டிலேயே தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம் போட்டு விற்கிறேன். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான், சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற ஆச்சிமார்கள் வாய்ஸ் மெசேஜ் போடுவார்கள். மாதம் சராசரியாக 50 கிலோ போகும், செலவு போக 15,000 நிற்கும், மார்கழியில் பாதிகூட வராது. இப்போது இருப்பது நாலு வருஷத்துப் போன், 3 ஜிபி ரேம், 32 ஜிபி மெமரி. ஒரு போட்டோ எடுத்தாலே நின்றுவிடுகிறது. கையில் 16,000 இருக்கிறது, அதில் 4,000 ஆவணிக் கல்யாணத்துக்கு ஒருவர் கொடுத்த அட்வான்ஸ். காரைக்குடிக் கடையில் ஒரு போனை ரொக்கம் என்றால் 22,500, ஜீரோ வட்டித் தவணை என்றால் 24,000 என்கிறார்கள். மாதம் 2,000 வீதம் 12 தவணை, முதல் 4 தவணையை இப்போதே கட்டவேண்டும், ஃபைல் சார்ஜ் 699. பாலிடெக்னிக் படிக்கிற மகன் அதைத்தான் வாங்கவேண்டும் என்கிறான். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அக்கா. அந்தப் போன் நல்ல போனாகவே இருக்கலாம், நான் வேண்டாம் என்பது அந்த ஏற்பாட்டை.

நம் ஊரில் வட்டிக் கணக்கு யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு வட்டி, ரெண்டு வட்டி என்றாலே நூற்றுக்கு மாதம் எவ்வளவு என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் ஏசி ஷோரூமில் ஒரு தம்பி கால்குலேட்டரோடு வந்து "ஜீரோ" என்று சொன்னால் அந்தக் கணக்கெல்லாம் எங்கேயோ போய்விடுகிறது. சரி, நீங்கள் எழுதிய எண்களையே வைத்துப் போட்டுப் பார்ப்போம். ரொக்க விலை 22,500, அதுதான் அந்தப் பொருளின் உண்மையான விலை. அன்றைக்கே நீங்கள் எடுத்து வைப்பது நாலு தவணை 8,000, ஃபைல் சார்ஜ் 699, ஆக 8,699. அப்படியானால் ஃபைனான்ஸ் கம்பெனி உங்களுக்காகப் போடுகிற பணம் 13,801 ரூபாய்தான். அதற்கு நீங்கள் திருப்பிக் கட்டுவது 8 மாதத்தில் 16,000. கூடுதலாகப் போவது 2,199. இரண்டாயிரம்தானே என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது நூற்றுக்கு மாதம் ஏறக்குறைய 3 ரூபாய் 40 காசு. மூணு வட்டிக்கும் மேலே! வருஷக் கணக்கில் 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. இதே வட்டியை ஊரில் ஒருவர் கேட்டால் திண்ணையில் உட்காரக்கூட விடமாட்டீர்கள்.

இதிலே ஒரு நியாயமும் சொல்லவேண்டும். ரொக்கத்துக்கும் அதே 24,000 என்றால், கூடுதல் செலவு அந்த 699 மட்டும்தான், கணக்கு ஏறக்குறைய ஒரு வட்டிக்கு வந்துவிடும், அது மோசமில்லை. ஆகவே தவணை என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி "மாதம் எவ்வளவு" என்பதல்ல, "இப்போதே முழுப் பணமும் வைத்தால் கடைசி விலை என்ன" என்பது. நீங்கள் அதைக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள், பாதிப் பேர் கேட்பதே இல்லை.

ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில், பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று வங்கிகளுக்கு எழுதிவிட்டது. வட்டி கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கும், இல்லாவிட்டால் உங்களுக்குத் தராத தள்ளுபடிக்குள். 2024 அக்டோபர் 1 முதல், இந்த மாதிரிக் கடன் தருகிற எல்லாரும் எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து வருஷ வட்டி எவ்வளவு என்று ஒரு தாளில், வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் எழுதித் தரவேண்டும். அதில் ஏபிஆர் என்று ஒரு எண் இருக்கும். எப்போதாவது தவணையில் எதையாவது வாங்கினால் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்கு வட்டியைவிட மார்கழிதான் பயம். தவணை எல்லா மாதமும் 2,000 கேட்கும், உங்கள் அடுப்பு எல்லா மாதமும் ஒரே மாதிரி எரியாது. ஒரு மாதம் பேங்கில் பணம் இல்லாமல் திரும்பினால் பவுன்ஸ் சார்ஜ், அப்புறம் சிபில் என்கிற கடன் வரலாற்றுக் கணக்கில் ஒரு கரும்புள்ளி. நாளைக்கு மாவு மிஷின் வாங்க முத்ரா கடன் திட்டத்தில் 50,000 கேட்டுப் போகும்போது அதை எடுத்துக் காட்டுவார்கள்.

இப்போது உங்கள் கையிருப்பு. 16,000 என்று எழுதியிருக்கிறீர்கள், அதை 12,000 என்று மாற்றிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் பணம் நெய்யும் எண்ணெயும் உளுந்தும் வாங்குவதற்கு, அது உங்கள் பணம் அல்ல. (இந்த ஒரு வரிக்காகவே செட்டிநாட்டில் பேரேடு, ஐந்தொகை என்று வரவு செலவுக் கணக்கு எழுதிவைத்தார்கள் என்று சொல்வேன்.)

அடுத்து, எவ்வளவு விலைக்குப் போகலாம்? கையில் இருப்பதைப் பார்த்தோ மகன் காட்டுகிற வீடியோவைப் பார்த்தோ முடிவு செய்யாதீர்கள், கிலோவைப் பாருங்கள். உங்களுக்குப் போன் என்பது அடுப்பு மாதிரி ஒரு தொழில் சாமான், அதன் செலவு பலகாரத்தின் விலைக்குள் உட்காரவேண்டும். 15,000 ரூபாய் போன் 5 வருஷம் உழைத்தால் மாதம் 250, நீங்கள் போடும் 50 கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 5 ரூபாய். இது தாங்கும். 10,800 ரூபாய் போன் 3 வருஷத்தில் உட்கார்ந்துவிட்டால் மாதம் 300, கிலோவுக்கு 6 ரூபாய். விலை குறைந்த போன்தான் இங்கே செலவு கூடிய போன்.

அப்படியானால் எந்தப் போன் 5 வருஷம் உழைக்கும் என்பதுதான் மிச்சக் கேள்வி, இங்கேதான் கடைக்காரர் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது: அப்டேட். போன் உடையாமல் இருந்தாலும் கம்பெனி பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டால், ஜிபே, போன்பே, பேங்க் ஆப் எல்லாம் வைத்திருக்கிற போனை நம்பி வியாபாரம் செய்வது சரியில்லை. விலை குறைந்த போன்களில் பலவற்றுக்கு இது இரண்டு மூன்று வருஷத்தோடு முடிந்துவிடும். சாம்சங் 2024 அக்டோபரில் ஏ16 5ஜி போனைக் கொண்டுவந்தபோது 6 வருஷம் தருவதாக அறிவித்தது, ஆகவே நடுத்தர விலைக்கும் கீழே இது கிடைக்காத வசதி இல்லை. கம்பெனி எதுவானாலும் சரி, எத்தனை வருஷம் என்று கேளுங்கள், கூடவே அந்த மாடல் எப்போது வெளிவந்தது என்றும் கேளுங்கள். வருஷக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, மாடல் வந்த நாளிலிருந்து ஓடும். ஒன்றரை வருஷம் கடையில் கிடந்த சரக்கைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால் உங்கள் ஒன்றரை வருஷம் ஏற்கெனவே போயாச்சு.

இன்னொன்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் தொழிலுக்கு நேராக வருகிறது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வரும், தொட்டால் ஆப் ஒன்றை ஏற்றச் சொல்லும், ஏற்றினால் பேங்க் மெசேஜ் எல்லாம் திருடன் கைக்குப் போய்விடும். முகூர்த்த மாதத்தில் தெரியாத நம்பரிலிருந்து பத்திரிகை வருவது உங்களுக்கு வழக்கம் என்பதால் நீங்கள்தான் சுலபமாக ஏமாறக்கூடிய ஆள். படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வராத பத்திரிகையைத் தொடாதீர்கள், பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள். புதுப் போன் வாங்கினாலும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

ரேம் 6 ஜிபி, மெமரி 128 ஜிபி, இதற்குக் கீழே போகவேண்டாம். "4 ஜிபி பிளஸ் 4 ஜிபி, ஆக 8 ஜிபி" என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பவேண்டாம், அந்த இரண்டாவது 4 மெமரியிலிருந்து கடன் வாங்கியது, அசல் ரேம் வேகத்துக்கு அது வராது. பின்னால் மூணு கேமரா, நாலு கேமரா என்பதும் அப்படித்தான், 2 மெகாபிக்சல் கண்கள் எண்ணிக்கைக்கு வைத்தவை. பலகாரத்துக்கு ஒரு நல்ல மெயின் கேமரா போதும், மிச்சத்தை வெளிச்சம் பார்த்துக்கொள்ளும். டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் தேன்குழல் பழசு மாதிரி வெளிறித் தெரியும், அதே தட்டைக் காலை எட்டு மணிக்குத் திண்ணையில், நேர் வெயில் படாமல் வைத்து எடுத்துப் பாருங்கள், நெய் மினுங்கும். இதற்கு 24,000 தேவையில்லை.

5ஜி-க்காகத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். இந்த விலையில் பல போன்களில் அதுவே இருக்கும், அது வேறு விஷயம். நம் பக்கத்துப் பழைய வீடுகளின் கனத்த சுவரைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குள் சிக்னல் வருவதே பெரும்பாடு, அதிலும் 5ஜி-க்கு அதிகம் பயன்படும் உயர் அலைவரிசை சுவரில் சீக்கிரம் தேங்கிவிடும். உங்களுடையதும் அப்படிப்பட்ட வீடு என்றால், போன் வாங்குவதற்கு முன்னால் பக்கத்து வீட்டாரின் வேறு கம்பெனி சிம் இருக்கிற போனை அடுப்படியில் வைத்து ஒரு கால் பேசிப் பாருங்கள். சில நேரம் கோளாறு போனில் இல்லை, சிம்மில்.

எப்போது வாங்குவது? இப்போதே இல்லை. இன்றைக்குச் செய்யவேண்டியது பழைய போனைக் கொஞ்சம் காலி செய்வது: வாட்ஸ்அப் செட்டிங்கில் ஸ்டோரேஜ் என்று இருக்கிற இடத்தில் போய், குரூப்பில் வந்த குட்மார்னிங் படங்களையும் வீடியோக்களையும் அழியுங்கள். 32 ஜிபி-யில் பல ஜிபி அதிலேயே கிடக்கும். ஆச்சிமார்களின் வாய்ஸ் மெசேஜை மட்டும் தொடாதீர்கள், அளவும் தேதியும் நோட்டில் ஏறும்வரை. இது இரண்டு மாதம் தாங்கும். ஆவணி முகூர்த்த ஆர்டர் லாபத்தில் 3,000 சேர்த்தால் 15,000 ஆகிவிடும், தீபாவளிக்கு முந்தைய ஆன்லைன் தள்ளுபடியும் அதையொட்டி வரும். அதில் ஒரு விலையைப் பார்த்து வைத்துக்கொண்டு காரைக்குடிக் கடையில் காட்டிப் பேசுங்கள், சில நூறு வித்தியாசம் என்றால் கடையிலேயே வாங்குங்கள். தீபாவளி ஆர்டர் குவிவதற்கு இரண்டு வாரம் முன்பாவது புதுப் போன் கைக்கு வந்திருக்கவேண்டும், அதிரசப் பாகு காய்ச்சிக்கொண்டே வாட்ஸ்அப் மாற்ற முடியாது. அதற்காகத் தை மாதம் வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள்: மெமரி சிப் விலை ஏறியதால் 2025 கடைசியிலிருந்து போன் விலையும் ஏறிக்கொண்டிருக்கிறது, போன வருஷ விலை திரும்பி வரும் என்று காத்திருப்பதில் பலனில்லை.

வாங்குகிற கம்பெனிக்குக் காரைக்குடியிலேயே அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு டிஸ்ப்ளே மாற்ற மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறவேண்டும், அன்றைய அடுப்பு அணைந்த கணக்கு. பெட்டியில் சார்ஜர் இருக்கிறதா என்றும் கேளுங்கள், சில கம்பெனிகள் வைப்பதில்லை. கூடுதல் வாரன்டி, போன் இன்சூரன்ஸ் என்று மேஜையிலேயே ஒட்டப் பார்ப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்தப் பணத்தை மூணாவது வருஷம் பேட்டரி மாற்ற எடுத்து வையுங்கள். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் தள்ளாதீர்கள், அதற்குத் தரப்போவது சொற்பம். எல்லாவற்றையும் மாற்றி முடித்ததும் பேங்க் ஆப்பை அதிலிருந்து எடுத்துவிட்டு, அவசரத்துக்குப் பேசுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது செகண்ட் ஹேண்டில் நல்ல போன் தருகிறேன் என்றால், பில் இருந்தால் மட்டும் பேசுங்கள். *#06# அழுத்தினால் வருகிற ஐஎம்இஐ எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டால் அது முடக்கப்பட்ட போனா என்று தெரிந்துவிடும். பில்லில் இருக்கிற எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்கவேண்டும்.

மகனுக்கு என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அவன் கேட்கிற போன் கேம் ஆடுவதற்கு, அதில் தப்பில்லை, ஆனால் அது பலகாரக் கணக்கில் வராது. லீவு நாளில் பார்சல் கட்டி கூரியருக்குக் கொண்டுபோய்ப் போடுகிற வேலையை அவனிடம் கொடுத்து, பார்சலுக்கு இவ்வளவு என்று தனி நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். அந்தப் பணம் சேர்ந்தால் எந்தப் போன் வேண்டுமானாலும் வாங்கட்டும், என்னிடம் கேட்கவேண்டியதில்லை.