மேடு போட்டது யார் அனுமதியில்?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். லயங்களுக்கு நடுவே இறங்கும் பாதையில் கொழுந்து லொறியும் ஆட்டோவும் பறக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அதுதான் வழி. துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) சொன்னோம், பிரதேச சபைக்கு மகஜர் கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. கோயில் கமிட்டி இளைஞர்கள் சிரமதானமாக இரண்டு சீமெந்து மேடு போட்டார்கள்; ஏழு அங்குல உயரம், ஓரடி அகலம். போன மாதம் இரவு மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் விழுந்து கால் முறிந்துவிட்டது. குடித்திருந்தார், ஹெல்மட்டும் இல்லை. நான்கு இலட்சம் கேட்கிறார்கள். "மேட்டை நாங்கள்தான் போட்டோம்" என்று அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் ஆசிரியர், கமிட்டிச் செயலாளர். அவர் பிழைக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?

பதில்: துரை கேட்கவில்லை, சபை கேட்கவில்லை என்பதையெல்லாம் ஒதுக்கி வையுங்கள். அந்த மகஜர் உங்களைக் காப்பாற்றாது. கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு எதிர்த்தரப்பு காட்டப்போகும் முதல் ஆவணம் அதுதான்.

இங்கே பார்க்க வேண்டியது ஒன்றே: பாதைக்குப் பொறுப்பானவர் எழுத்தில் சம்மதம் தந்தாரா? தோட்டப் பாதையென்றால் நிர்வாகம், சபை பொறுப்பேற்ற பாதையென்றால் பிரதேச சபை. (தோட்டத்துக்குள் எங்களால் செலவழிக்க முடியாது என்று சபை சொல்லியிருந்தால், பிரதேச சபைச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பதில் அப்படியே செல்லாது. ஆனால் அது வேறு சண்டை.) சம்மதம் இல்லையென்றால் நீங்கள் போட்டது வேகத்தடை அல்ல, பாதையில் வைத்த தடங்கல். போட்ட விதமும் மோசம். பல நாடுகளில் வழக்கத்திலுள்ள வேகத்தடை நாலு அங்குல உயரத்தைப் பன்னிரண்டு அடி நீளத்தில் ஏறி இறங்கும். ஏழு அங்குலத்தை ஓரடியில் ஏற்றினால் முன் சக்கரத்துக்கு அது சுவர். இறக்கத்தில், பனிமூட்டத்தில், வெள்ளைப் பூச்சோ அறிவித்தல் பலகையோ இல்லாமல் என்றால் நீதவானுக்கு விளக்கவே தேவையில்லை.

குடியும் ஹெல்மட்டும் எவ்வளவு உதவும்? முறிந்தது கால், ஹெல்மட் காலைக் காத்திருக்காது, அதை விடுங்கள். குடித்திருந்தார் என்பதற்கு வைத்தியசாலைக் குறிப்போ பொலிஸ் பரிசோதனையோ இருந்தால் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி தவறில் அவருக்குள்ள பங்குக்கேற்ப தொகை குறையும். குறையும் என்றுதான் சொன்னேன், இல்லாமல் போகாது.

அதே சட்டத்தில்தான் உங்களுக்கான ஆபத்தும் இருக்கிறது. சேர்ந்து தவறு செய்தவர்களில் ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். மற்றவர்களின் பங்கை அவர்தான் பின்னால் வசூலிக்க வேண்டும். பதினைந்து பேர் சீமெந்து குழைத்திருக்கலாம். வழக்குப் போடுகிறவர் நாட்கூலிப் பையனைத் தேடமாட்டார், மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியரைத் தேடுவார். அவர் கையில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. இனி எழுதும் எதையும் சட்டத்தரணி மூலம், "உரிமைகளுக்குப் பங்கமின்றி" என்று தலைப்பிட்டு எழுதுங்கள்.

அடுத்தது பொலிஸ் வாக்குமூலம். மலையகத்தில் ஆட்கள் விழுகிற குழி இது. சிங்களத்தில் எழுதுவார்கள், "சரிதானே?" என்பார்கள், தலையாட்டிக் கையெழுத்து வைப்பார்கள். தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதினால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டப்பட்டது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். தண்டப்பணத்தோடு முடியும் என்று நம்பி நீதவான் முன் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். அந்த ஒப்புதல் மாவட்ட நீதிமன்றத்து நட்டஈட்டு வழக்குக்குப் போய்ச் சேரும்.

இராத்திரியோடு இராத்திரியாக மேட்டை உடைக்காதீர்கள், சாட்சியை அழித்ததாகிவிடும். அப்படியே விட்டால் அடுத்தவர் விழுவார். இன்றே இரண்டு மேட்டையும் அளந்து, இறக்கத்தின் மேலிருந்தும் கீழிருந்தும் பகலிலும் இரவிலும் படமெடுங்கள். வெள்ளை பூசுங்கள். அகற்றப்போவதாகப் பொலிஸுக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி, அதன்பின் அகற்றுங்கள்.

பணத்துக்கு வருவோம்: சமரசமாகப் போங்கள். நான்கு இலட்சம் என்பது முதல் கேள்வி, கடைசி விலையல்ல. சிகிச்சைச் சிட்டைகளையும் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பள விபரத்தையும் கேளுங்கள், அதன்மேல் பேசுங்கள். ஆனால் கோயில் வாசலில் தலைவரை நடுவில் வைத்துக் காசைக் கையில் கொடுக்க வேண்டாம். அப்படிக் கொடுத்தால் ஆறு மாதத்தில் "அது மருந்துச் செலவுக்கு, நட்டஈடு இன்னும் வரவில்லை" என்று அறிவித்தல் வரும். வழக்குப் போட அவருக்கு விபத்து நாளிலிருந்து இரண்டு வருடம் இருக்கிறது. மத்தியஸ்த சபையில் எழுத்தில் முடியுங்கள், அல்லது சட்டத்தரணி முன். முழுமையான இறுதித் தீர்வு என்ற சொற்களும், மேடு போட்ட அத்தனை பேரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். உங்கள் பெயர் மட்டும் இருந்தால் மற்றவர்கள் மாட்டுவார்கள். தவணையென்றால் வங்கிக் கணக்கில் போட்டுச் சிட்டையை வைத்துக்கொள்ளுங்கள்.

பொலிஸ் நீதவான் முன் வழக்குப் போட்டிருந்தால், இந்தத் தீர்வால் அது தானாக மூடப்படாது. தீர்வுப் பத்திரத்தின் பிரதியோடு உங்கள் சட்டத்தரணி நீதவானிடம் போக வேண்டும். அந்த வழக்கு விசாரணை நாள் வரும்வரை கமிட்டி புதிதாக ஒரு மேடும் போடக்கூடாது, துரை வாயால் சரி என்றாலும்.