தாயக உணர்வு மொழியில் எங்கே தெரிகிறது?

தாயகம், தேசம் பற்றிய எண்ணங்கள் மொழியில் எவ்வாறு பதிவாகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வாழும் புதுச்சேரியை வைத்தே விளக்குகிறேன். பாடல்களைவிட ஆட்பெயர்களில்தான் அது அழுத்தமாகத் தெரிகிறது என்பது என் கருத்து. இங்கு பிரெஞ்சு ஆட்சி நடந்தபோது வந்த 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி, தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப்பெயர் ஒன்றையும் தேர்ந்துகொண்டார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லாப்போர்த்’ ஆனது அவ்வாறுதான். சாதிப்பெயரை உதிர்க்கவும் அது வழி தந்ததால், வெறும் அந்நிய மோகம் என்று அதை ஒதுக்கிவிடுவது நியாயமன்று.

இதே ஊரில் 1908 முதல் 1918 வரை அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார் தமிழையும் பாரதத்தையும் தாயென்றே பாடினார். அவ்விரு பற்றுகளும் அவர் மொழியில் மோதிக்கொள்ளவில்லை.

1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியை அடுத்த கீழூரில் பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். எனினும், 1962இல் இணைப்பு சட்டப்படி நிறைவேறியபின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களும் இங்கு உண்டு. இன்றும் பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14 அன்று கடற்கரைப் போர் நினைவிடத்தில் இரு நாட்டுப் பண்களும் பாடப்படுகின்றன. அங்கே கூடும் முதியவர்கள் பதக்கங்களைப் பிரெஞ்சு அரசிடம் பெற்றிருந்தாலும், ஒருவரையொருவர் நலம் விசாரிப்பது தமிழில்தான். ஆகவே, கடவுச்சீட்டில் உள்ள தேசமும் நாவில் உள்ள தாயகமும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.