கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகுமுன்: டிவி கம்ப்யூட்டர் கேள்வி பதில்

டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன கம்ப்யூட்டரை மாட்டிப் படம் பார்க்கும் சேலம், ஏற்காடு நண்பர்கள் கேட்டவை இவை. பாதிப் பேர் கேள்வியோடு தீர்ப்பையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார்கள்: "ஆன்போர்டு கிராபிக்ஸ்தானே, அதான் ஜெர்க் அடிக்குது." ஆன்போர்டு கிராபிக்ஸ் என்பது தனிக் கார்டு இல்லாமல் கம்ப்யூட்டரோடு கூடவே வரும் படச் சிப். பாவம், அதன் மேல் பழி போடாதீர்கள். சுருக்கி வைத்த கோப்பை அந்தச் சிப்புக்குப் பிரிக்கத் (அதாவது டிகோட் செய்யத்) தெரிந்து, டிவியும் படத்தின் வேகத்துக்கே ஓடினால், படம் ஓட்டுவது அதற்கு ஒரு வேலையே இல்லை.

அஸ்தம்பட்டி, ஓய்வு பெற்ற ஆசிரியர்: தம்பி, என்னிடம் இருப்பது எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ3. படம் நிற்பதில்லை, சுற்றுவதில்லை. கேமரா பக்கவாட்டில் நகரும்போது மட்டும் தத்தித் தத்திப் போகிறது. சிபியு பத்து சதவீதம்கூட ஏறவில்லை. கடையில் கார்டு போடச் சொல்கிறார்கள்.

கார்டு வேண்டாம் ஐயா. சிபியு ஏறவில்லை என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். பிரிக்கிற வேலை சிப்புக்குள் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். உறுதி செய்ய டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து "வீடியோ டிகோட்" கோடு எழும்புகிறதா என்று பாருங்கள்.

தகராறு வேகத்தில். பேசும் படம் வந்த காலத்திலிருந்து சினிமாவுக்கு விநாடிக்கு 24 ஃபிரேம்தான் (அசையாப் படங்கள்தான்) கணக்கு. ஏற்காடு ரோட்டில் வளைவு மட்டும் மிச்சமிருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் எடுத்த படங்களுக்கும் அதே கணக்குதான். விண்டோஸ் உங்கள் டிவிக்கு அனுப்புவதோ 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 தடவை. அறுபதை இருபத்து நாலால் வகுத்தால் இரண்டரை. அரைத் தடவை காட்ட முடியாதே! அதனால் ஒரு ஃபிரேம் மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று மாறி மாறிப் போகிறது. ஒன்று 50 மில்லி விநாடி நிற்கும், இன்னொன்று 33. இரண்டும் சுமார் 41.7 நிற்க வேண்டியவை.

ஆட்கள் உட்கார்ந்து பேசும் காட்சியில் இது கண்ணில் படாது. கோயில் பிராகாரத்தில் தூண் வரிசையை ஒட்டிக் கேமரா போகிற மாதிரி ஒரு காட்சியைப் போட்டு, ஒரே ஒரு தூணின் விளிம்பை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் அது ஒரே தூரம்தான் நகரும். ஆனால் ஓரிடத்தில் சற்றுத் தயங்கும், அடுத்த இடத்திலிருந்து அவசரமாகக் கிளம்பும். படம் முடிந்து பெயர்கள் மேலேறும்போதும் இதே கதை.

கோடி (Kodi) என்ற படம் ஓட்டும் மென்பொருளில், பிளேயர் அமைப்புகளின் வீடியோ பகுதியில் "அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட்" இருக்கும். அதை "ஆன் ஸ்டார்ட்/ஸ்டாப்" என்று வையுங்கள். படம் தொடங்கும்போது டிவி ஓரிரு விநாடி கறுத்துத் திரும்பும். பயப்பட வேண்டாம், 24க்கு மாறுகிறது.

அவரே மறுபடி: மாற்றினேன், தூண்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன. ஆனால் முக்கால் நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சின்னத் துள்ளல். என் பிரமையா?

பிரமை இல்லை ஐயா. நம் கையில் வரும் கோப்புகளில் சில சரியாக 24, சில 23.976. டிவி 24ல் ஓட, கோப்பு 23.976ஆக இருந்தால், சுமார் 42 விநாடிக்கு ஒரு ஃபிரேமை இரண்டு முறை காட்டித்தான் கணக்கை நேர் செய்ய வேண்டும். உங்கள் கண் அதைத்தான் பிடித்திருக்கிறது. 2011ல் வந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜ் சிப்புகளுக்கு 23.976ஐத் துல்லியமாகக் கொடுக்கவே வராது. ஹோம் தியேட்டர்காரர்கள் அன்று போட்ட கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல. 2013ன் ஹாஸ்வெல்லில் அது ஏறக்குறைய அடங்கியது. உங்கள் சிப்புக்கு இரண்டும் வரும். கோடி பிளேயரின் டிஸ்ப்ளே அமைப்பில், எக்ஸ்பர்ட் நிலைக்குப் போனால், "ஒயிட்லிஸ்ட்" தெரியும். அதில் 23.976, 24, 25, 50, 59.94, 60 எல்லாவற்றையும் டிக் செய்யுங்கள். 25ம் 50ம் எதற்கென்றால், நம் டிவி நிகழ்ச்சிப் பதிவுகளும் பழைய டிவிடிகளும் அந்தக் கணக்கில் வருபவை.

"சிங்க் பிளேபேக் டு டிஸ்ப்ளே" என்று இன்னொரு தேர்வும் உண்டு. ஒலியை நூலிழை இழுத்தோ சுருக்கியோ படத்தோடு ஒட்ட வைக்கும். ஆனால் டால்பி ஒலியைப் பிரிக்காமல் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறவர்களுக்கு அது ஒத்துவராது. பிரிக்காத ஒலியை இழுக்க வழியில்லை.

அம்மாப்பேட்டை, தறிப் பட்டறை வைத்திருப்பவர்: அண்ணா, நாலாம் தலைமுறை ஐ3. பழைய படமெல்லாம் வெண்ணெயா ஓடுது. 4கே கோப்பு போட்டா போட்டோ ஆல்பம் மாதிரி ஒவ்வொண்ணா நகருது, சிபியு நூறு. ஒருத்தர் ஜிடி 710 கார்டு சல்லிசா தர்றேங்கிறார். வாங்கட்டுங்களா?

வாங்காதீங்க. உங்க கோப்பு 10 பிட் எச்இவிசி; அதாவது 4கே படங்களுக்குப் பயன்படும் சுருக்கு முறையில், நிற நுணுக்கம் கூடிய வகை. உங்க சிப்புக்கு அதைப் பிரிக்க வராது, அதான் சிபியு நூறு. ஜிடி 710க்கும் எச்இவிசி பிரிக்க வராது; காசு கொடுத்து அதே ஆல்பத்தைப் பார்ப்பீங்க. அடுத்த தலைமுறைகளில் வந்த ஜிடி 1030க்கு வரும். ஆனால் அந்தக் காசுக்கு ஏழாம் தலைமுறை இன்டெல் போட்ட பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் கிடைத்தால் அதுவே மேல்.

தலைமுறைக் கணக்கு இதுதான்: இன்டெல்லில் ஆறாம் தலைமுறையில் 8 பிட் எச்இவிசி, ஏழில் 10 பிட்டும் விபி9ம், பதினொன்றில் ஏவி1 (விபி9ம் ஏவி1ம் யூடியூப் பயன்படுத்தும் சுருக்கு முறைகள்). ஏஎம்டியில் 2018ன் ரைசன் 2200ஜி, 2400ஜி சிப்புகளுக்கே 10 பிட் எச்இவிசி வரும். "ஐ7ங்க, பெரிய மெஷினுங்க" என்று யாராவது விற்க வந்தால், எத்தனையாவது தலைமுறை என்று மட்டும் கேளுங்க. இந்த வேலைக்கு மூன்றாம் தலைமுறை ஐ7ஐ விட ஏழாம் தலைமுறை பென்டியம் உசத்தி.

ஒரே ஒரு விதிவிலக்கு, 10 பிட் எச்.264 (எச்இவிசிக்கு முந்தைய சுருக்கு முறை). ஜப்பான் அனிமே கோப்புகளில் அடிக்கடி வரும். பெரும்பாலான இன்டெல், ஏஎம்டி ஆன்போர்டு சிப்புகளை இதற்கு நம்பிப் பயனில்லை, சிபியுதான் இழுக்கணும். 1080பி என்றால் உங்க ஐ3யே இழுத்துவிடும்.

ஃபேர்லண்ட்ஸ்: 4கே டிவி, எட்டாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப். 30 ஹெர்ட்ஸுக்கு மேல் தேர்வே வரவில்லை. கேபிளை மாற்றியும் அப்படியே.

உங்கள் மதர்போர்டின் எச்டிஎம்ஐ 1.4ஆக இருக்கும், அந்தக் காலத்துப் போர்டுகள் பெரும்பாலும் அப்படித்தான். அதில் 4கே 30க்கு மேல் போகாது. படம் மட்டும் பார்ப்பதென்றால் 24க்கு இடமிருக்கிறது, அப்படியே விடலாம். மவுஸ் நகர்வது இழுவையாக இருக்கிறது, எச்டிஆரும் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாகக் காட்டும் வகை) வேண்டும் என்றால், போர்டில் டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிறதா பாருங்கள். அதிலிருந்து எச்டிஎம்ஐ 2.0ஏ தரும் ஆக்டிவ் அடாப்டர் (உள்ளே சிக்னலை மாற்றும் சிப் உள்ளது) போடலாம். வெறும் பாசிவ் அடாப்டர் உதவாது.

சூரமங்கலம்: படங்கள் ஓடுது, யூடியூப் மட்டும் திக்குது. பழைய லேப்டாப்.

யூடியூப் உங்களுக்கு விபி9 அல்லது ஏவி1 அனுப்புகிறது, சிப்புக்கு எச்.264தான் தெரியும். பிரவுசரில் எச்264ஐஃபை (h264ify) மாதிரி ஒரு எக்ஸ்டென்ஷனைப் போடுங்கள், யூடியூபை எச்.264லேயே அனுப்ப வைக்கும். 1080பியோடு நின்றுவிடும், ஆனால் திக்காது.

கொண்டலாம்பட்டி, கல்லூரி மாணவர்: ரைசன் 2200ஜி, 8 ஜிபி ஒரே ஸ்டிக். 60 ஃபிரேம் 4கே எச்டிஆர் கோப்பு மட்டும் ஃபிரேம் விடுதுண்ணா. டிவி சாதா 1080பி.

ஆன்போர்டு கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது தம்பி, சிபியுவோடு பங்கு போட்டுத்தான் பிழைக்கணும். ஒரு டிடிஆர்4-2400 ஸ்டிக் விநாடிக்கு 19.2 ஜிபி தரும். இரண்டு போட்டால் 38.4. ஆகவே ஒரு 8 ஜிபிக்குப் பதில் இரண்டு 4 ஜிபி. போர்டு புத்தகத்தில் சொன்ன ஸ்லாட்களில் போடு, பக்கத்துப் பக்கத்தில் சொருகிவிட்டு இரட்டை சேனல் (இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து வேகம் தருவது) வரவில்லை என்று சொல்லாதே.

இன்னொன்று, எச்டிஆரைச் சாதா டிவிக்கு ஏற்ப நிறம் மாற்றுவது டிகோடர் வேலையல்ல, கிராபிக்ஸ் கோர்தான் செய்யணும். மேட்விஆரை (படத் தரத்தைக் கூட்டும் மென்பொருள்) அதன் உச்ச அமைப்பில் வைத்திருந்தால் எந்த ஆன்போர்டு சிப்பும் முழி பிதுங்கும். எம்பிவி பிளேயருக்கு மாறி "ஷிஃப்ட்" உடன் "ஐ" அழுத்து. எத்தனை ஃபிரேம் விட்டது, எந்த டிகோடர் ஓடுகிறது எல்லாம் திரையிலேயே வரும். நீ அமைப்பில் எழுத வேண்டியது "எச்டபிள்யூடெக்" (hwdec=auto) என்ற வரி மட்டும்.

குகை: மத்தியானம் போட்டா அரை மணியில ஜெர்க், ராத்திரி பிரச்சனையே இல்லைங்க.

மே மாதத்துச் சேலத்தில் மனுஷனே திணறுகிறான். டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் வைத்திருந்தால் வெளியே எடுங்க. தூசி தட்டுங்க, பழைய மெஷின் என்றால் தெர்மல் பேஸ்ட் மாற்றுங்க. சூடு தாங்காமல் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

செவ்வாய்ப்பேட்டை: எங்க வீட்டு டிவியில சினிமாவே சீரியல் மாதிரி வழவழன்னு தெரியுதுங்க.

கம்ப்யூட்டர் மேல் குற்றமில்லை அக்கா. டிவி தானாக இடை ஃபிரேம் சேர்க்கிறது. பட அமைப்பில் மோஷன் என்று வரும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்க. அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு "பிசி" என்று பெயர் வைத்தாலே பல டிவிகளில் அணைந்துவிடும்.

ஏற்காடு, எஸ்டேட் வீடு: புதிதாக என்100 மினி பிசி வாங்கினேன். அதிலேயே இருக்கும் படம் அருமை. மேனேஜர் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து வைஃபையில் எடுத்தால் நின்று நின்று வருகிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவே நாற்பது மீட்டர்.

என்100 நல்ல தேர்வு. 6 வாட் சிப், ஏவி1 வரை எல்லாம் பிரிக்கும். இது நெட்வொர்க் கோளாறு. 4கே ப்ளூ-ரேயின் முழுக் கோப்பு சில காட்சிகளில் விநாடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டும். உங்கள் பழைய கருங்கல் சுவர்களில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை புகாது, 2.4 புகுந்தாலும் அந்த வேகம் தராது. கேபிள்தான் வழி.

ஆனால் இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். ஏற்காட்டுக் கோடை மழையின் இடி உங்களுக்குத் தெரியாததா! பக்கத்தில் எங்கோ விழுந்தாலும் அந்தக் கம்பி வழியாக இரண்டு பக்கத்து மெஷினும் போகும். ஃபைபர் இழுத்து, இரண்டு முனையிலும் கிகாபிட் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபர் ஒளியைச் சாதா நெட்வொர்க் சிக்னலாக மாற்றும் பெட்டி) வையுங்கள். கம்பி கோத்த கவசம் உள்ள ஃபைபர் வேண்டாம், உலோகமே இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். அது வரும்வரை படத்தை யுஎஸ்பி டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து பாருங்கள்.