யூனியன் கார்டுக்கு 25,000 வெள்ளியா?

கேள்வி: எங்கள் ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். மகனுக்கு 20 வயது. எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்து இரண்டு வருடமாகக் கல்யாணம், காதுகுத்து என்று வீடியோ எடுக்கிறான். சினிமா ஒளிப்பதிவாளர் ஆகவேண்டும் என்பது ஆசை. சென்னையில் பெரிய ஒளிப்பதிவாளர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்த்துவிட்டு, ஒரு வருடத்தில் சினிமாத் தொழிலாளர் சங்க உறுப்பினர் அட்டையான யூனியன் கார்டும் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். 25,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். அதில் 10,000 இந்த மாதக் கடைசிக்குள். கணவருக்கு இப்போதுதான் 55 ஆனது. சேமநிதிப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. பத்தாயிரமும் வேண்டாம், பத்து வெள்ளியும் வேண்டாம்.

நான் கேமராவுக்குப் பின்னால் நிற்கத் தொடங்கி இருபத்தெட்டு வருடமாகிறது. உதவியாளர் இடத்தைக் காசுக்கு விற்ற ஒளிப்பதிவாளரை இதுவரை பார்த்ததில்லை. விற்பதாகச் சொன்ன தரகர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். தோட்டங்களுக்கு ஆள் பிடித்த அந்தக் காலத்துக் கங்காணியாவது முன்பணம் கொடுத்து நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றினான். இவர் நம்மிடமே முன்பணம் வாங்கிக்கொண்டு பேரனைத் திருப்பி ஏற்றப் பார்க்கிறார்.

இவர்கள் வழி எப்போதும் ஒன்றுதான். ஏதோ விழாவில் பிரபலத்தோடு எடுத்த படத்தைக் கைப்பேசியில் காட்டுவார்கள். பையனைச் சென்னைக்குக் கூட்டிப்போய் ஒரு படப்பிடிப்பில் பத்து நாள் ஓரமாக நிற்க வைப்பார்கள். பிறகு "சார் அவுட்டோர் போயிருக்கார்" என்பார்கள். அதற்குள் விசா முடிந்துவிடும். போனது சுற்றுலா விசா. அதில் வேலை செய்யவே கூடாது. வேலை விசா நல்ல சம்பளத்துக்குப் போகும் வல்லுநர்களுக்கானது, படிக்காசுக்கு நிற்கும் பையனுக்குக் கிடைக்காது. தரகர் இதை மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லமாட்டார்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஓசிஐ அட்டை, அதாவது இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை. அது கையில் இருந்தால் விசா தொல்லை இல்லாமல் அங்கே தங்கலாம், வேலையும் செய்யலாம். ஆனால் உங்கள் மூதாதையர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்று தாளில் காட்டவேண்டும். அவருடைய பழைய கடப்பிதழ் (பாஸ்போர்ட்), பிறப்புப் பதிவு, ஊர் நிலப் பத்திரம், இப்படி ஏதாவது ஒன்று. பிறகு அவரிலிருந்து உங்கள் மகன் வரை தலைமுறை தலைமுறையாகப் பிறப்புப் பத்திரங்கள் கோத்து வரவேண்டும். தோட்டத்து ஆட்களுக்கு இதில்தான் இடிக்கும். தாத்தா பெயரைத் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி ஒரு மாதிரி எழுதியிருப்பார், அப்பா பத்திரத்தில் வேறு மாதிரி இருக்கும். பாட்டியின் தகரப் பெட்டியைத் துழாவுங்கள். ஏதாவது கிடைத்தால் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் நேரில் கேளுங்கள். எத்தனையாவது தலைமுறை வரை என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் ஆள் வேண்டாம். ஒன்று, ஓசிஐ இருந்தாலும் அது யூனியன் கார்டு ஆகிவிடாது. கார்டைத் தருவது தென்னிந்திய ஒளிப்பதிவாளர்கள் சங்கமான சிகா. அது தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியில் ஓர் அங்கம். கடையில் வாங்கும் சிம் கார்டு அல்ல இது.

ஏன் விற்கமாட்டார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். புதுப் பையன் முதலில் லென்ஸ் பெட்டி தூக்குவான், பேட்டரி சார்ஜ் போடுவான், கிளாப் அடிப்பான். தேறினால் போகஸ் புல்லர் ஆவான். நடிகர் இரண்டடி முன்னால் வந்தால் அதே நொடியில் இவன் கை லென்ஸைத் திருப்பியாக வேண்டும். பெரிய திரையில் கண்ணுக்குப் பதில் காது தெளிவாகத் தெரிந்தால் அந்த ஷாட் குப்பைக்குப் போகும். தன் பெயரைக் கெடுக்கக்கூடிய அந்த இடத்தில் தரகர் அனுப்பிய ஆளை யார் நிறுத்துவார்? ஒளிப்பதிவாளர் கே.வி. ஆனந்த் முதலில் பத்திரிகைகளுக்குப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தவர். அதன் பிறகே ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளராகச் சேர்ந்தார். கையில் வேலை இருந்தது, அதைக் காட்ட முடிந்தது.

உங்கள் மகன் கல்யாண வீடியோவில் ஆட்டோபோகஸ் போட்டே பழகியிருப்பான். அதை அணைத்துவிடச் சொல்லுங்கள். எதிரில் நிற்பவர் எத்தனை அடியில் இருக்கிறார் என்று கண்ணாலேயே மதிப்பிட்டு, பிறகு டேப் வைத்து அளந்து பார்க்கட்டும். தினமும். அடுத்து, நண்பகலில் ஒரு நண்பனைச் செம்பனை மரங்களுக்கு நடுவே நிறுத்திப் படம் எடுக்கட்டும். இலையில் பட்டு வரும் வெளிச்சம் முகத்தில் பச்சையைப் பூசும். மட்டைகளுக்கு இடையில் வானம் வெளுத்துப்போகும். நம் நிறத்து முகம் இருண்டுவிடும். ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை வைத்து அந்த முகத்தை மீட்டெடுக்கத் தெரிந்தால், அந்த ஒரு நிமிடப் படத்தை யாரிடமும் காட்டலாம்.

யாரிடம்? கோலாலம்பூரில் கேமரா, விளக்கு வாடகைக்கு விடும் கடைகளில். அங்கே வேலைக்குச் சேர்ந்தால் சம்பளம் குறைவு. ஆனால் எல்லாப் படப்பிடிப்புக்கும் பெட்டி அங்கிருந்துதான் போகிறது, பெட்டியோடு ஆளும் போகிறான்.

படிக்கவே விரும்பினால் அஸ்வாரா கலைக் கழகம் இருக்கிறது, எம்எம்யு பல்கலைக்கழகம் இருக்கிறது. யுஐடிஎம் பல்கலைக்கழகத்தில் நல்ல திரைப்படத் துறை உண்டு, ஆனால் அங்கே பட்டப்படிப்பு மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்குத்தான், நம் பிள்ளைகளுக்கு இடமில்லை. அதைப் பற்றிப் பேசினால் எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறும், விடுங்கள். "மூன்று மாதத்தில் ஒளிப்பதிவாளர்" என்று விளம்பரம் செய்யும் இடங்களைக் கண்டால், கல்வித் தகுதியைச் சரிபார்க்கும் எம்க்யூஏவின் அங்கீகாரம் உண்டா, அரசு உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் கிடைக்குமா என்று கேளுங்கள். பேச்சை மாற்றுவார்கள்.

இன்னொன்று. "சொந்தக் கேமரா இருந்தால் வாய்ப்பு வரும்" என்று யாராவது சொன்னால் நம்பி வங்கிக்கடன் எடுக்காதீர்கள். ஆலோங் என்கிற வட்டி முதலைகள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். பெரிய படங்களுக்குக் கேமரா வாடகைக்குத்தான் வருகிறது. இங்கே தொலைக்காட்சி வேலைக்குக் காசு வருவதே பெரிய கதை. ஒரு தொடருக்கு எனக்குப் பதினோரு மாதம் கழித்துத்தான் சம்பளம் வந்தது. கேட்டால் படிவம், கையொப்பம், இன்னொரு படிவம். தவணை பதினோரு மாதம் காத்திருக்குமா? வேலைக்குப் போகத் தொடங்கியதும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் சுயதொழில் விபத்துக் காப்புத் திட்டத்தில் அவன் பெயரைப் பதிந்துவிடுங்கள். 2020 முதல் கலைத்துறையினருக்கும் அது உண்டு. விளக்குக் கம்பத்தில் ஏறுகிற பிள்ளை.

அந்த ஆள் மறுபடி வந்தால், அந்த ஒளிப்பதிவாளரோடு வீடியோ அழைப்பில் உங்கள் முன்னாலேயே பேச வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கணவர் ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் அவரைத் திட்டிப் பயனில்லை. வங்கி ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு போய்ப் போலீஸ் புகார் செய்யுங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை, மனுவுக்கு ஐந்து வெள்ளிதான்.