ஆள் சரி, திறமை சரி, ஆனாலும் நிறுவனம் தடுமாறுவது ஏன்?

கேள்வி: 20 பேராக இருந்தபோது பறந்த எங்கள் நிறுவனம், 90 பேரானதும் தவழ்கிறது. எல்லோரும் திறமைசாலிகள்தான். பணியிட அமைப்பு, கலாசாரம், தகவல் பரிமாற்றம் என்கிறார்களே, அதெல்லாம் நிஜமாகவே தொழிலைப் பாதிக்குமா?

பாதிக்கும். கேட்ட தோரணையைப் பார்த்தால் நீங்கள் முதலாளி, அல்லது முதலாளிக்குப் பக்கத்து நாற்காலி. கீழே இருப்பவன் இதைக் கேட்க மாட்டான், அவனுக்குக் காரணம் தெரியும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 20 பேர் என்றால் ஒருவரோடு ஒருவர் பேச 190 ஜோடிகள். 90 பேர் என்றால் 4,005. ஆள் நாலரை மடங்குதான், ஜோடியோ 21 மடங்கு. எல்லோரும் எல்லோரிடமும் பேசி வேலை நடத்த முடியாது. துறை, தலைவர், கையெழுத்து எல்லாம் வேண்டியதுதான். அமைப்பே கூடாது என்று நான் சொன்னதாக யாரும் கிளம்ப வேண்டாம். ஒரு கேள்வியைக் கேட்க ஒருவன் எத்தனை ஏச்சு வாங்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

நான் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். ஒருநாள் டிரில்லிங் மெஷினில் இருந்த பையன் டிராயிங்கை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அண்ணே, போன லாட்ல இந்த ஓட்டை 8.2 தானே போட்டோம்? இதுல 8.5னு இருக்கே. ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

"டிராயிங்ல இருக்கறதைப் போடுப்பா."

இதுதான் நான் சொன்னது. சோம்பேறித்தனம் என்று நினைப்பீர்கள், இல்லை. இரண்டு மாதம் முன்பு இதே மாதிரி ஒரு சந்தேகத்துக்கு டிசைன் பிரிவுக்கு நேராகப் போன் போட்டேன். ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்தது. மறுநாள் காலை எல்லார் முன்னாலும் என் மேனேஜர், "என்னைத் தாண்டி மேலே போற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டியா?" என்றார். முறைப்படி போவதென்றால் படிவம் எழுதி, அவர் கையெழுத்து வாங்கி, அது டிசைன் தலைவர் மேஜைக்கு ஏறி, பதிலாக இறங்கி வர மூன்று நாள். அதுவரை மெஷின் நின்றால் அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

நடந்தது இதுதான். வாடிக்கையாளர் ஓட்டையை 8.5 மில்லிமீட்டரிலிருந்து 8.2 ஆகக் குறைத்து சேல்ஸுக்கு மெயில் அனுப்பியிருந்தார். முதல் லாட்டின்போது டிசைன்காரர் ஒருவர் கீழே இறங்கி வந்து, எங்கள் தாளில் சிவப்புப் பேனாவால் 8.5-ஐ அடித்து 8.2 என்று எழுதிவிட்டுப் போனார். மூல டிராயிங்கைத் திருத்த சேல்ஸ் தலைவர் கையெழுத்து வேண்டும். அந்த இரண்டு தலைவர்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டாவது லாட்டுக்குப் புதுப் பிரிண்ட் வந்தது, பழைய அளவோடு. இன்ஸ்பெக்‌ஷனும் அதே பிரிண்ட்டை வைத்துத்தான் பார்த்தார்கள். எல்லாம் ஓகே.

640 பீஸ். ஓட்டை சின்னதாகப் போயிருந்தால் பெரிசாக்கிவிடலாம். பெரிசாகிவிட்டால் எடைக்குத்தான் போட வேண்டும்.

விசாரணைக் கூட்டத்தில் ஆளாளுக்கு ஒரு மெயிலை அச்செடுத்து வந்து வைத்தார்கள். மெயில் இல்லாத ஒரே ஆள் அந்தப் பையன். 'சந்தேகத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவில்லை' என்று அவனுக்கு மெமோ கொடுத்தார்கள்.

ஆள்தான் முக்கியம், அமைப்பு சும்மா என்பவர்களுக்கு ஒன்று. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஆலையை 1982-இல் மூடியது. தரமும் மோசம், சொல்லாமல் லீவு போடுவதும் அதிகம். 1984-இல் டொயோட்டாவோடு கூட்டாக நம்மி என்ற பெயரில் அதே இடத்தில் திறந்தார்கள். எடுத்த ஆட்களில் பெரும்பாலோர் பழையவர்களே, தொழிற்சங்கமும் அதேதான். ஆனால் இப்போது தவறைப் பார்த்தவன் எவனும் ஒரு கயிற்றை இழுக்கலாம், குழுத் தலைவர் ஓடி வருவார், தீராவிட்டால் லைனே நிற்கும். தரம் ஏறியது, லீவு குறைந்தது. அந்த ஆலையும் 2010-இல் மூடிவிட்டதே என்று மடக்க வேண்டாம். அது ஜெனரல் மோட்டார்ஸ் 2009-இல் விலகியதன் தொடர்ச்சி, கயிற்றின் குற்றமல்ல.

எங்களிடம் கயிறு கிடையாது, வாசலில் ஒரு பலகை இருந்தது: 'இந்த மாதத் தவறுகள்: 0'. எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைகளில் பார்த்தபோது, நல்ல குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தனவாம். அங்கே ஒளிக்காமல் சொன்னார்கள் என்பது அவர் கண்ட விளக்கம். 1996-இல் வெளிவந்த ஆய்வு. இதைப் படித்த அன்று எனக்கு அந்தப் பலகைதான் ஞாபகம் வந்தது.

கலாசாரம் என்றதும் வெள்ளிக்கிழமை ஒரே கலர் டீ-ஷர்ட் போட வைக்கும் ஹெச்.ஆர். நண்பர்கள் கோபிக்க வேண்டாம். அந்த வருட அப்ரைசலில் எனக்குக் 'கம்யூனிகேஷன்' ஐந்துக்கு இரண்டு போட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் ராஜினாமா செய்தபோது ரிலீவிங் லெட்டர் கொடுக்க நாலு மாதம் இழுத்தார்கள், தொலைந்துபோன ஐ.டி. கார்டுக்காக. கார்டு அவர்களுடைய செக்யூரிட்டி மேஜையிலேயே இருந்தது. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வயிற்றெரிச்சல்.

உங்கள் 90 பேரில், கடைசியாக ஒருவர் உங்களிடம் வந்து "இது தப்பாப் போகுது" என்றது எப்போது, அன்று நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பையன் மூன்று மாதத்தில் நின்றுவிட்டான். சிவப்புப் பேனாத் திருத்தம் இருந்த முதல் தாள், மெமோ கொடுத்த வாரமே என் மேஜை டிராயரில் பழைய ஜாப் கார்டுகளுக்கு அடியில் கிடைத்தது. அவன் சொன்னது சரி என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அது. நான் அதை யாரிடமும் காட்டவில்லை.